எஸ்நாத் கொண்டு வந்த கோரைப்பாய்

லிஃப்ட்டின் அலாரம் அலறியது. விட்டு விட்டு அல்ல, ஒரே மூச்சாக.

இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு எப்சிபா வாசலுக்கு ஓடினாள். டெல்லி மயூர் விஹாரின் அந்தப் பழைய கட்டடத்தில் அலாரம் அடித்தால் யாரோ உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். லிஃப்ட் கதவு மூடுவதும் திறப்பதுமாகத் தவித்துக்கொண்டிருந்தது. குறுக்கே நீளமான கோரைப்பாய்ச் சுருள் ஒன்று சிக்கியிருந்தது. அதன் ஒரு முனையை எதிர் ஃபிளாட் விஜயலக்ஷ்மி மாமி வெளியிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்றாவிடி இது எப்சிபா! லிஃப்ட்ல பாயை ஏத்திண்டு வருவாளா யாராவது? ஜல்தி எடுக்கச் சொல்லு. சப்ஜிக்காரன் காய்வண்டியோட போயிடுவான்."

"இழுக்காதீங்க மாமி, கிழிஞ்சிரும்!" உள்ளேயிருந்து கேட்டது எப்சிபாவின் கணவன் ஆசீரின் குரல்.

பாய் ஒருவழியாக விடுபட்டது. அலாரம் நின்றது. பாயை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தவள் ஆசீரைவிட உயரமான ஓர் ஆப்பிரிக்கப் பெண். தலையில் பூப்போட்ட துணி, இடுப்பில் அதே துணி, மேலே யாரோ கொடுத்த ஆண்கள் ஸ்வெட்டர். எப்சிபாவைப் பார்த்ததும் முழங்காலைச் சற்று மடக்கி, இரண்டு கைகளையும் குவித்து மெதுவாகத் தட்டினாள். அது அவள் ஊர் வணக்கம்.

எப்சிபாவின் கைகளும் தாமாகவே குவிந்து தட்டின. அடுத்த நிமிஷம் அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

ஆசீர் பின்னாலேயே வந்தான்.

"எப்சி, கோவப்படாத. நேத்துதான் சேதி வந்துது. 'அமாயி எஸ்நாத் டெல்லி வருகிறார், சேர்த்துக்கொள்ளவும்'னு நம்ம மலாவிப் போதகர் ரெண்டு வரி அனுப்பியிருந்தார். உங்கிட்ட சொன்னா நீ வீட்ட விட்டே போயிருவியோன்னு..."

"எதுக்கு வந்திருக்காவ?"

"வைத்தியத்துக்குத்தான். ஆப்பிரிக்காவுல இருந்து டெல்லிக்கு வேற எதுக்கு வருவாவ? அவியளுக்கு மூச்சு வாங்குமே, ஞாபகம் இல்லியா? நாளைக்கே ஹார்ட் டாக்டர்ட்ட நேரம் வாங்கிட்டேன்."

"வியாழக்கிழமை மிஷன் போர்டு மீட்டிங். அதுக்கு முன்னால இவியளக் கொண்டாந்து நிறுத்துனா நான் மனசு மாறிருவேன்னு நினைச்சியளா?"

"மெதுவா பேசு, கேக்கும்."

"கேட்டா என்ன? தமிழா தெரியும்?"

ஆசீர் அடுப்பில் வைக்காத பாலைப் பொங்கிவிடுமோ என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றான்.

மலாவி நாட்டின் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் அவர்கள் இருவரும் மிஷனரிகளாக இருந்தார்கள். அவன் ஆழ்துளைக் கிணறுகள் போட்டான். அவள் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தாள். அவர்களின் மகள் நிஸ்ஸி அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊர்ப் பாஷையைத் தமிழைவிட நன்றாகப் பேசினாள்; அம்மா என்பதைக்கூட 'அமாயி' என்றுதான் சொன்னாள். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஏரிச்சாலை உடைந்திருந்ததால் மருந்துக்குப் போன வண்டி திரும்பவில்லை. நிஸ்ஸியைச் சபைக் கோயிலுக்குப் பின்னால் அடக்கம் செய்த அன்றே எப்சிபாவுக்கும் காய்ச்சல் ஏறியது. தூக்கி வண்டியில் போட்டு, நகரத்துக்கும் அங்கிருந்து டெல்லிக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆசீருக்கு மிஷன் அலுவலகத்திலேயே ஒரு நாற்காலி கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து எப்சிபா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டாள். துவைத்த துணியை மறுபடி துவைத்தாள். வேலை எதுவும் அகப்படாத நாளில் மெட்ரோவில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரை போய் அதே வண்டியில் திரும்பி வந்தாள். அப்போதும் கம்பியைப் பிடித்து நின்றபடிதான்.

திரும்பிப் போகிறார்களா, வேலையை விடுகிறார்களா? வியாழக்கிழமை போர்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆசீர் முடிவை அவளிடம் விட்டிருந்தான். ஆனால் எப்சிபாவை அரித்தது அதுகூட இல்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த ஊர்த் தாய்மார்களிடம் தான் என்னவெல்லாம் சொன்னோமோ, அதில் ஒரு வார்த்தையையாவது இனித் தன்னால் நம்ப முடியுமா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உதட்டை மட்டும் அசைத்துவிட்டு வருகிறவள் போர்டுக்கு என்ன பதில் சொல்வது?

மறுநாள் காலையிலிருந்து ஓட்டம் ஆரம்பித்தது. எஸ்நாத் எதிர்த்து ஒன்றும் பேசவில்லை. வா என்றால் வந்தாள். மெட்ரோவில் அவளுக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. அவள் அதைத் தட்டிக் காட்டி, "உட்கார்" என்றாள் தன் பாஷையில்.

"பரவாயில்லை, அமாயி. இறங்கப் போகிறோம்." எப்சிபா நின்றுகொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். இதயத்துக்கு ஒரு டாக்டர், சுவாசத்துக்கு ஒரு டாக்டர், முழங்காலுக்கு ஒரு டாக்டர். ஆசீருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மாதக்கணக்கில் நாற்காலியில் முடங்கிக் கிடந்தவனுக்கு ஓடியாட ஒரு காரியம் கிடைத்துவிட்டது. எஸ்நாத் ஏதோ சொல்ல வாயைத் திறந்தால், "கவலைப்படாதீர்கள் அமாயி, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முந்திக்கொண்டான்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் எஸ்நாத் ஒரே ஒரு வேலை செய்தாள். ஹாலின் நடுவில் பாயை விரித்தாள். பாதியில் தான் உட்கார்ந்தாள். மறுபாதியைக் காலியாக விட்டுவிட்டு எப்சிபாவைப் பார்த்தாள்.

எப்சிபா ஃப்ரிட்ஜைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து, தட்டுகளைக் கழுவித் துடைக்கத் தொடங்கினாள். முதுகில் அந்தப் பார்வை குத்தியது.

"எதுக்கு இப்படிப் பாக்காவ?" என்றாள் ஆசீரிடம் எரிச்சலாக.

"புது இடம்லா. உறக்கம் வந்திருக்காது."

புதன்கிழமை பெரிய டாக்டர். அவர் அறைக்கு வெளியே பெண்கள் இருவரையும் நர்ஸ் ஏற இறங்கப் பார்த்தாள். நிதானமாக உட்கார்ந்திருந்த எஸ்நாத்தை விட்டுவிட்டு, நின்றுகொண்டு துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்த எப்சிபாவின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.

"நான் இல்லை சிஸ்டர், அவங்க."

"சாரி, சாரி. நீங்கதான் பேஷன்ட்னு நினைச்சுட்டேன்" என்றாள் நர்ஸ் ஹிந்தியில், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

டாக்டர் எல்லா ரிப்போர்ட்டையும் புரட்டினார். பிறகு சிரித்தார். "இந்த அம்மாவுக்கு ஒன்றுமே இல்லை. இந்தக் காற்றில் மூச்சு வாங்காவிட்டால்தான் ஆச்சரியம். எதற்காக இவ்வளவு தூரம் வந்தார்கள்?"

ஆசீர் எப்சிபாவைப் பார்த்தான். எப்சிபா ஆசீரைப் பார்த்தாள்.

திரும்பும்போது அவன் மெட்ரோவிலிருந்து நேரே அலுவலகத்துக்குப் போய்விட்டான். நாளைய மீட்டிங்குக்கு நிறைய வேலை இருந்தது. போகும்போது, "நீ எதச் சொன்னாலும் சரி எப்சி. விட்டுரலாம்னா விட்டுரலாம்" என்றான்.

ஐந்தாவது மாடியில் லிஃப்ட் திறந்ததும் விஜயலக்ஷ்மி மாமி நின்றிருந்தாள்.

"டாக்டர் என்னடி சொன்னார்?"

"ஒண்ணுமில்லியாம் மாமி."

"நன்னாருக்கு! பின்ன எதுக்கு வந்தாளாம்?"

"தெரியல."

"தெரியலையா? ஏண்டி, கடல் தாண்டி ஒரு மனுஷி ஆத்துக்கு வந்திருக்கா. கையைப் பிடிச்சு இழுத்துண்டு ஊர் பூராச் சுத்தினேளே, எதுக்கு வந்தேள்னு ஒரு வார்த்தை கேட்டேளோ?"

எப்சிபா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. அந்த ஊரில் விருந்தாளி தானாக வந்த காரியத்தைச் சொல்லமாட்டாள். வீட்டுக்காரி அவளோடு பாயில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்கும்வரை விருந்தாளி காத்திருப்பாள். எத்தனை நாளானாலும். மலாவியில் இருந்த ஒன்பது வருஷமும் எப்சிபா ஒரு விருந்தாளியிடமும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறியதில்லை.

உள்ளே போனதும் எஸ்நாத் வழக்கம்போலப் பாயை விரித்தாள். வழக்கம்போல மறுபாதி காலியாக இருந்தது.

எப்சிபா ஜன்னல் வரைக்கும் போனாள். திரும்பினாள். இஸ்திரி போட வேண்டிய துணி கூடையில் குவிந்திருந்தது. அதை எடுக்கக் குனிந்தாள். எடுக்கவில்லை. பாயின் ஓரத்தில் முழங்காலிட்டாள். பிறகு மெல்ல, தண்ணீரில் இறங்குகிறவள் மாதிரி, உட்கார்ந்தாள்.

கோரையில் புகை நாற்றமும் மீன் நாற்றமும் ஏரியின் ஈரமும் அப்படியே இருந்தன.

"அமாயி" என்றாள். குரல் பிசிறியது. "உங்களை நடத்திக்கொண்டு வந்த சேதி என்ன?"

எஸ்நாத் நீளமாக மூச்சுவிட்டாள். கைகளைக் குவித்துத் தட்டினாள்.

"சேதி பெரிதில்லை. உன் மகளை அடக்கம் செய்த அன்று நாங்கள் பெண்கள் எல்லோரும் பாயோடு உன் வீட்டுக்கு வந்தோம். நீ இல்லை. உன்னை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். உன்னோடு உட்காராமல் எங்களால் துக்கத்தை முடிக்க முடியவில்லை."

எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் மகன் ஏரியில் மூழ்கிப் போனபோது நீ வந்து இப்படித்தான் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். கிறிஸ்து கல்லறையை விட்டு எழுந்தார், உன் மகனும் எழுவான், அவனை மறுபடி பார்ப்பாய் என்றாய். எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு என்ன தெரியும், இவள் பிள்ளை உயிரோடு இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் நீ எழுந்து போகவில்லை. மறுநாளும் வந்தாய். அதற்கு மறுநாளும் வந்தாய். நீ உட்கார்ந்திருந்ததால்தான் நீ சொன்னதை நான் நம்பினேன்."

"நான் சொன்னதை இப்போது நானே நம்பவில்லை, அமாயி." முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னாள். "நிஸ்ஸி..." அந்தப் பெயரையும் முதல் தடவையாக. அழுகை வந்தது. அடக்கம் செய்த நாளிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த அழுகை.

எஸ்நாத் அவளைத் தேற்றவில்லை. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தாள். வெளியே சப்ஜிக்காரன் கூவிவிட்டுப் போனான். எதிர் வீட்டில் குக்கர் விசிலடித்தது. எப்சிபா எழுந்திருக்கவில்லை.

வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னைத் திரும்பக் கூட்டிப்போக அனுப்பினார்களா?"

"இல்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம். சோளம் விற்று டிக்கெட் எடுத்துக்கொடுத்த எங்கள் சபை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை."

"பின்னே? சபையே சோளம் விற்றா டிக்கெட் எடுத்துக்கொடுத்தது? என்னோடு உட்காருவதற்காகவா?"

எஸ்நாத் பாயின் மடிப்பை உள்ளங்கையால் நீவிச் சரிசெய்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் பெருமையும் தெரிந்தன.

"நீ எங்களுக்குச் சொன்னதை உனக்குச் சொல்ல ஆள் வேண்டுமே. எங்கள் சபை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கும் முதல் மிஷனரி நான்."