ஒரு கையால் ஆடலாம்

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. காரைக்குடியை ஒட்டிய ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில், கணினி ஆய்வகத்தின் கதவில் வீடியோ கேம் மன்றத்தின் பரிந்துரைப் பட்டியல் ஒட்டப்பட்டது. பட்டியலில் நாற்பத்தோரு விளையாட்டுகள் இருந்தன. அவற்றில் பதினான்குக்கு எதிரே மீனாம்பிகையின் பெயர் இருந்தது.

அந்தப் பதினான்கில் ஒன்றைக்கூட அவள் ஆடியதில்லை.

மீனாம்பிகை எம்.எஸ்ஸி. கணிதம் முதலாண்டு. தினமும் நாச்சியாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். அவள் அப்பா ஒரு நகைக்கடைக்குக் கல் பதித்துக் கொடுக்கிறார். அவள் கையில் இருப்பது அண்ணன் வேண்டாமென்று தூக்கிப் போட்ட போன். அதில் எந்த விளையாட்டை ஏற்றினாலும் ஐந்து நிமிடத்தில் சூடேறி அணைந்துவிடும். வீடியோ மட்டும் ஓடும். பத்தாம் வகுப்பிலிருந்தே மற்றவர்கள் ஆடுவதை வீடியோவில் பார்த்து வருகிறாள். எந்தக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கும், எந்த இடத்தில் இசை மாறும், யார் கடைசியில் ஏமாற்றுவார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

பொய் சொல்வதற்கென்று அவள் எதையும் தொடங்கவில்லை. ஜூலை மாதம் புது மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில், 'மனசுக்கு இதமா ஒரு கேம் சொல்லுங்க' என்று யாரோ கேட்டிருந்தார்கள். பஸ்ஸில் இருந்தபடியே நாலு வரி எழுதி அனுப்பினாள். அவள் இறங்குவதற்குள் முப்பது பேர் பதில் போட்டிருந்தார்கள். மன்றத்தின் செயலாளர் பாண்டீஸ்வரன், எம்.சி.ஏ. இறுதியாண்டு, தனியாகச் செய்தி அனுப்பினான்: 'இது மாதிரி வாராவாரம் எழுதித் தாங்க.' அதுவரை எந்த விஷயத்திலும் அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. நீ ஆடியிருக்கிறாயா என்று இப்போதும் ஒருவரும் கேட்கவில்லை.

மன்றத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு விளையாட்டைப் பரிந்துரைத்தவர், அதைப் புதிதாக ஆட வருகிறவர் பக்கத்தில் முதல் அரைமணி நேரம் உட்கார்ந்து கைபழக்கிவிட வேண்டும். ஆட்டம் சனிக்கிழமை நாலரைக்குத் தொடங்கும். நாலு நாற்பது பஸ்ஸைச் சொல்லி மீனாம்பிகை நாலேகாலுக்கே கிளம்பிவிடுவாள்.

"மீனாக்கா எழுதினா ஆடவே வேணாம், படிச்சாலே போதும்" என்பான் சேவுகப்பெருமாள். அவன் பி.காம். இரண்டாமாண்டு. வாரம் தவறாமல் ஒரே துப்பாக்கிச் சண்டையைப் பரிந்துரைப்பவன்.

பட்டியல் ஒட்டிய மறுநாள் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து அவளுக்கு ஒரு செய்தி வந்தது.

'அக்கா, நான் அகல்யா, பி.எஸ்ஸி. முதலாண்டு. விளக்குக்காரர் கேம ஒரு கையால ஆடலாம்னு போட்டிருக்கீக. நெசமாவா?'

விளக்குக்காரர் என்பது மன்றத்தில் அந்த விளையாட்டுக்கு வைத்த செல்லப்பெயர். புயலடிக்கும் தீவில் ஒரு கிழவர் விளக்கை ஏந்திக்கொண்டு கோபுரத்தின் உச்சிவரை ஏற வேண்டும். மீனாம்பிகை அந்த வீடியோவை மூன்று முறை பார்த்திருந்தாள். அதில் ஆடியவர், டீ குடித்துக்கொண்டே ஆடுவதாகச் சொல்வார். டம்ளரை மேசையில் வைக்கும் சத்தம்கூடக் கேட்கும். ஒரு கையில் டம்ளர் இருந்தால் ஆடுவது மற்றக் கைதானே. அப்படித்தான் அந்த வரியை எழுதியிருந்தாள்.

'ஆமா' என்று பதில் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நாலேகாலுக்கு அவள் பையை எடுத்தபோது அகல்யா ஆய்வக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இடது கையை ஒரு துணித் தூளியில் போட்டுக் கழுத்தில் கட்டியிருந்தாள். போன வருடம் பைக் விபத்தில் தோள் நரம்பு அறுந்துபோனதாக அவளே சொன்னாள், பஸ் நம்பரைச் சொல்வது போல. தேவகோட்டையிலிருந்து இதற்காகவே வந்திருந்தாள். அன்று அவளுக்கு வகுப்பு இல்லை.

"விபத்துக்கு முன்னாடி எங்க தெருவுல என்னைய யாரும் ஜெயிச்சதில்லக்கா. அதுக்கப்புறம் ஒண்ணையும் தொடல."

மீனாம்பிகை பையைத் திரும்ப நாற்காலியில் வைத்தாள்.

பாண்டீஸ்வரன் விளையாட்டைப் போட்டுவிட்டு, "இங்குட்டு உக்காருங்க மீனா. அகல்யா, நீ மவுஸப் பிடி" என்றான். கிழவர் வந்தார். புயல் வந்தது. அகல்யா மவுஸை நகர்த்தினாள். கிழவர் நாலடி நடந்தார், விளக்கு அணைந்தது. மறுபடி நடந்தார், மறுபடி அணைந்தது.

"எதையோ அமுக்கிக்கிட்டே இருக்கணும்போலக்கா. எது?"

மீனாம்பிகை கீபோர்டைப் பார்த்தாள். அந்த வீடியோவில் திரை தெரியும், கை தெரியாது. ஒரு கீயைத் தொட்டாள். கிழவர் விளக்கைக் கீழே வைத்தார். இன்னொன்றைத் தொட்டாள். ஆட்டமே நின்றுபோனது.

பாண்டீஸ்வரன் எட்டிப் பார்த்தான். "ஸ்பேஸ் பார். காத்தடிக்கிறப்ப எல்லாம் அத விடாம அமுக்கணும், இல்லாட்டி விளக்கு நிக்காது." மீனாம்பிகையின் பக்கம் திரும்பினான். "மீனா, இத நீங்க ஆடியிருக்கீகளா?"

பஸ் நேரமாகிவிட்டது என்று சொல்ல இன்னும் இடமிருந்தது. சொல்லியும் இருப்பாள். ஆனால் அகல்யாவின் வலது கை மவுஸின் மேலேயே இருந்தது, எடுக்கவில்லை.

"இல்ல. எதையும் ஆடுனதில்ல. எல்லாம் வீடியோல பாத்ததுதான். அவரு டீ குடிக்கிறதக் கேட்டு ஒரு கைன்னு நெனச்சிட்டேன்."

சேவுகப்பெருமாள் சிரித்தான். "கல்யாணத்துக்கே போகாம சாப்பாடு பிரமாதம்னு சொன்ன கதையால்ல இருக்கு."

"நீ சும்மா இருடா" என்றான் பாண்டீஸ்வரன். பிறகு அவளிடம், "தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதியிருக்கலாமுல்ல. அந்தப் புள்ள தேவகோட்டைலருந்து வந்திருக்கு" என்றான். குரல் உயரவில்லை.

மீனாம்பிகை எழுந்தாள். மன்றத்தில் இது கடைசி நாள் என்று அவளே முடிவு செய்திருந்தாள். "மன்னிச்சிரு அகல்யா. நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும்."

அகல்யா அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடி பேசினாள்.

"கோவமாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரில, வீட்டுல, எல்லாரும் முயற்சி பண்ணு, முயற்சி பண்ணுன்னுதான் சொல்றாக. நீங்க ஒருத்தருதான் ஆடலாம்னு எழுதியிருந்தீக. அத நம்பி ஒரு வாரமா இருந்தேன்." மவுஸை ஒருமுறை நகர்த்தினாள். கிழவர் திரும்பிப் பார்த்தார். "வந்தது வந்தாச்சு. உக்காருங்க. ஸ்பேஸ் பார நீங்க அமுக்குங்க."

"எப்ப அமுக்கணும்னு எனக்குக் கை பழகலயே."

"காத்து எங்க அடிக்கும்னு தெரியுமுல்ல?"

அது தெரியும். மூன்றாம் படிக்கட்டு வளைவில், உடைந்த சன்னலுக்குக் கீழே, மணிக்கூண்டுக்குள் நுழையும்போது.

மீனாம்பிகை இடப்பக்கம் உட்கார்ந்து கட்டைவிரலை வைத்தாள். முதல் காற்று வருவதை முன்கூட்டியே சொன்னாள். அப்படியும் விரல் பிந்தியது. விளக்கு அணைந்தது. "வாயி முந்துது, வெரலு பிந்துது" என்றாள் அகல்யா. ஏழு முறை அணைந்தது. எட்டாவது முறை உடைந்த சன்னலைத் தாண்டினார்கள். சேவுகப்பெருமாள் தன் துப்பாக்கிச் சண்டையை நிறுத்திவிட்டுப் பின்னால் வந்து நின்றான்.

"இந்த வளைவுல எங்கிட்டுத் திரும்பணும்?" என்று கேட்டாள் அகல்யா.

"அங்குட்டு இல்ல, சுவத்தப் பிடிச்சு வா. மேல ஒரு பறவை இருக்கும், பயப்படாத."

பறவை இருந்தது. அன்று மணிக்கூண்டு வரைதான் போக முடிந்தது. ஆய்வகத்தைப் பூட்ட ஆள் வந்தபோது நாலு நாற்பது பஸ்ஸும் அதற்கடுத்ததும் போயிருந்தன.

திங்கட்கிழமை காலை மீனாம்பிகை கதவில் இருந்த பட்டியலில் தன் பெயருக்கு நேரே இருந்தவற்றில் பதின்மூன்று விளையாட்டுகளைப் பேனாவால் அடித்தாள். விளக்குக்காரரை விட்டு வைத்தாள். அதன் எதிரே 'ஒரு கையால் ஆடலாம்' என்றிருந்ததை அடித்துவிட்டு, 'இரண்டு கை வேண்டும். ஒரே ஆளின் கைகளாக இருக்க வேண்டியதில்லை. மணிக்கூண்டுக்கு மேல் நான் ஆடியதில்லை' என்று எழுதினாள்.

பாண்டீஸ்வரன் பட்டியலில் 'ஆடியவர்' என்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொன்னான். அந்த வாரத்துக்குள் வேறு ஐந்து பேர் எட்டு விளையாட்டுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். செப்டம்பர் 7 அன்று ஒட்டப்பட்ட பட்டியலில் இருபது விளையாட்டுகள் இருந்தன.