காயடிக்கிற முகாம்

நாய்களுக்கு ஆபரேஷன் செய்யும் முகாம் மட்டாஞ்சேரிக்கு வருகிறதென்று கால்நடை ஆஸ்பத்திரி நர்ஸ் அம்பிளி, ராஜனிடம்தான் சொன்னாள். மலையாளத்தில் அதற்கு 'வந்தியங்கரணம்' என்று பெயர். ராஜன் குடியிருக்கும் சந்திலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அது வாயில் நுழையாது, பயப்படாதபடி நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள். மயக்க ஊசி போட்டுத்தான் செய்வார்கள், வலி தெரியாது, அப்புறம் ஆண் நாய் பெட்டையின் பின்னால் அவ்வளவாக ஊர் சுற்றாது என்றும் விளக்கினாள்.

அரிசிக் கிடங்கில் மூட்டை தூக்கும் ராஜனுக்கு நக்கல் அதிகம். 'கருத்தடை' என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லுக்கு யார் சிரிப்பார்கள்? குழாயடியில் நின்றுகொண்டு, "ஞாயித்துக்கிழம நம்ம நாய்ங்களுக்குக் காயடிக்கப் போறாங்களாம்" என்றான். ஆண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் குஷியில் மயக்க ஊசியைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை.

குடம் பிடிக்க நின்ற முப்பிடாதி சிரிக்கவில்லை. சங்கரன்கோவில் பக்கம் காளைக்குக் காயடிப்பதைச் சிறுவயதில் பார்த்தவள் அவள். காலைக் கட்டிச் சாய்த்து, விதையை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து நசுக்குவார்கள். அந்தக் கதறலுக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். லாட்ஜில் பாத்திரம் கழுவிவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் இருந்த ஒரே துணை கப்பை என்ற ஆண் நாய். அவித்த கப்பைக்கிழங்கின், அதாவது மரவள்ளியின் நிறம், அதனால் அந்தப் பெயர். முகாமன்று அதை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டு, ஆலுவாவில் தங்கச்சி வீட்டில் விட்டிருப்பதாகப் புளுகினாள். கதவுக்குப் பின்னால் நாய் முனகுவது ராஜனுக்குக் கேட்டது. ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். தனக்குள் சிரித்துக்கொண்டு நகர்ந்தான், பாவி.

நாய்கள் இணைசேரும் கன்னி மாதம், நம்மூர்ப் புரட்டாசி, பிறந்தால் ஆண் நாயைப் பிடித்துவைக்க யாரால் முடியும்? பெட்டை ஒன்றின் பின்னால் ஓடிய கப்பை, பஜார் ரோட்டில் அரிசி லாரியின் சக்கரத்தில் சிக்கிச் செத்தது. ராஜன்தான் சாக்கில் பொதிந்து தூக்கிவந்தான்.

அதற்குள் பக்கத்து வீட்டு சஜியின் மனைவி, ஊசி போட்டு உறங்கவைத்துத்தானே செய்தார்கள், முகாமுக்குக் கொண்டுபோயிருக்கலாமே என்று சொல்லி அழுதிருந்தாள். அவர்கள் நாய் ஆபரேஷன் முடிந்து வந்து, வாசலில் நிம்மதியாகப் படுத்திருந்தது. முப்பிடாதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராசா, ஊசி போட்டு ஒறங்கவச்சுத்தான் செய்வாவளாமே. ஒனக்கு அப்பமே தெரியுமா?"

தெரியாது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று அவனுக்குத் தோன்றாமல் இல்லை.

"தெரியும்க்கா."

அவள் திட்டவில்லை. சாக்கை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"நாந்தான பூட்டிவச்சேன்" என்றாள். "நாந்தான பூட்டிவச்சேன்."

அந்தப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்ள ராஜன் வாயைத் திறந்தான். குழாயடியில் எல்லாரையும் சிரிக்கவைத்த அந்தச் சொல்தான் நாக்கில் வந்து நின்றது.