கெஸையா மைதானத்துக்குள் வந்த நாள்

லங்காஷயரின் ஆலை ஊர்கள் சில கூடி முதன்முதலாக ஒரு கால்பந்து லீக் தொடங்கிய வருடம் அது. கடைசி இடத்தில் முடிக்கும் அணிக்கு மறுவருடம் இடம் கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். எங்கள் ரேவன்ஸ்கிளஃப் அணி அந்தக் கடைசிப் படியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முன்பே பெரிய நகரத்துக் கிளப் ஒன்று, மதுக்கடை வைத்துத் தருகிறோம் என்று ஆசை காட்டி எங்கள் முன்வரிசை ஆட்டக்காரர் இருவரைக் கொத்திக்கொண்டு போயிற்று. உறைந்த தரையில் விழுந்து மூன்றாமவனுக்கு முழங்கால் போனது. அதற்குமேலும் நாங்கள் உயிரோடிருந்தது கோல்கீப்பர் ஏனக் ஷோரக்கால்தான். ஆலையில் எனக்கு அடுத்த தறி அவனுடையது. களத்தில் அவனுக்கு முன்னால் காவல் நிற்பவன் நான்.

அந்தக் காலத்தில் பந்தைப் பிடித்த கோல்கீப்பரைத் தோளால் இடித்துப் பந்தோடு கோல் கம்பங்களுக்குள் தள்ளலாம், அதுவும் கோல்தான். கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வாரம் இருவர் சேர்ந்து ஏனக்கை அப்படி இடித்தார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை நானும் அணித்தலைவன் சேத் கிளெக்கும் ஏனக் வீட்டுக்குப் போனோம். அவன் மனைவி கெஸையா நிறைமாதத்தை நெருங்கிய வயிற்றோடு ஓட்ஸ் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு டன்ஷா அணிகூட தோக்காம இருந்தாப் போதும், ஏனக்," என்றான் சேத். "அவங்க தோத்தா அவங்க காலி, நாம தோத்தா நாம காலி. நீ சும்மா நின்னாலே அவனுங்க பயப்படுவானுங்க."

"சும்மா நிக்கிறதுக்குக் கதவு ஒண்ணைக் கழட்டித் தர்றேன், தூக்கிட்டுப் போ," என்றாள் கெஸையா.

ஏனக் சிரிக்க முயன்று வலியில் நிறுத்திக்கொண்டான். "வர்றேன், சேத்," என்றான். அவள் ரொட்டியைத் திருப்பாமலே விட்டுவிட்டாள். கருகிய வாசனையோடு நாங்கள் வெளியே வந்தோம்.

மறுநாள் காலை முழுக்க மழை. நனைந்த தோல்பந்து கல்லாய்க் கனத்தது. ஊரே மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே சேற்றில் நின்றது. முதல் பாதியில் இருபுறமும் கோல் இல்லை. ஏனக் ஒரு கையை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு மறுகையாலும் காலாலும் பந்தைத் தட்டித்தட்டி விட்டான். இரண்டாம் பாதியில் டன்ஷாவின் முரட்டு முன்வரிசைக்காரன் ஒருவன் அவன்மேல் முழுவேகத்தில் மோதினான். பந்து வெளியே போனது. ஏனக் மண்டியிட்டு இருமினான். சேற்றில் விழுந்தது ரத்தம்.

"ஒண்ணுமில்ல ஏபெல், நாக்கைக் கடிச்சிட்டேன்," என்றான் என்னிடம். நான் நம்பவில்லை, நம்பியதுபோல் தலையாட்டினேன்.

அப்போதுதான் கெஸையா கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள். மரச்செருப்பு சேற்றில் புதையப் புதைய நேராகக் கோலை நோக்கி நடந்தாள். முதலில் கூட்டம் சிரித்தது, பிறகு கூச்சலிட்டது.

சேத் ஓடிவந்தான். "கெஸையா, கெஞ்சிக் கேக்குறேன். இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"காலைல அவனுக்குச் சட்டையே நான்தான் மாட்டி விட்டேன், சேத். அவனால கையைத் தூக்க முடியல. ரத்தத்தைப் பாத்துட்டுத்தானே நிக்கிற?"



"நீ போ," என்றான் ஏனக். "ஊரே பாக்குது. மானத்தை வாங்காத."

"நான் போகல. இங்கயே உன் பக்கத்துல நிக்கிறேன். இடிக்கிறவன் எங்க மூணு பேரையும் சேத்து இடிக்கட்டும்."

மோதிய அந்த டன்ஷாக்காரன் நடுவரிடம் போய், "இந்தம்மா நிக்கிற வரைக்கும் நான் பந்தைத் தொடமாட்டேன்," என்றான். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஏனக் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். இருக்கச் சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை, போகச் சொல்லவும் வரவில்லை. கடைசியில் ஏனக் அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து கயிற்றைத் தாண்டினான். பின்னால் போனவள்மேல் யாரோ சேற்றை வாரி எறிந்தார்கள்.

கோலுக்குள் நான் நின்றேன். மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அப்போது இல்லை. மிஞ்சியது பத்துப் பேர். உயர்ந்து வந்த ஒரு பந்தை நான் நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன். பிடித்த சந்தோஷம் அடங்குவதற்குள் இருவர் வந்து இடித்தார்கள். பந்தோடு கம்பங்களுக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தேன். அந்த ஒரு கோலில் எங்கள் கிளப் முடிந்தது. சேத் சட்டையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதான்.

ஏனக்குக்கு அன்றே காய்ச்சல் கண்டது. எலும்பு நுரையீரலைக் குத்தியிருக்கிறது, இன்னொரு இடி பட்டிருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். ஊர் அதைக் காதில் வாங்கவில்லை. எங்கள் ஆலையிலேயே வேலை பார்த்த கெஸையாவின் பக்கத்தில் உட்கார்ந்து யாரும் தேநீர் குடிக்கவில்லை. அதைவிடக் கொடுமை, ஏனக்கும் அவளோடு பேசவில்லை. பெண் குழந்தை பிறந்த பிறகும் பேசவில்லை.

ஜூலையில் ஒருநாள் ஏனக் வீட்டுக்குப் போனேன். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் பந்தை நீ புடிச்சிருக்கக் கூடாது, ஏபெல். நானா இருந்தா தட்டி விட்டிருப்பேன்."

துணி பிழிந்துகொண்டிருந்த கெஸையா திரும்பாமலே, "ஆமா. தட்டித்தான் விட்டிருப்ப," என்றாள்.

அவன் அவள் முதுகைப் பார்த்தான். பிறகு, "கை வலிக்குது. இவளை வாங்கிக்கோ," என்றான்.

அவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.