எட்டு ஐம்பத்தாறு

கடைக்காரர் நீட்டிய தோட்டாவை விரல்களுக்கிடையில் ஒரு முறை உருட்டிப் பார்த்துவிட்டு, தரிங்கா அதைக் கண்ணாடி மேஜைமேல் திருப்பி வைத்தாள்.

"இது இல்லீங்க."

"எட்டு ஐம்பத்தாறு அளவுதானே கேட்டீங்க?"

"இது பழைய பட்டாளத்துத் துப்பாக்கிக்கு உள்ளது. பின்னாடி விளிம்பு இருக்கு பாருங்க. எங்கப்பாவோடது வேட்டைத் துப்பாக்கி, மான்லிஹர் ஷெனாவர். விளிம்பு இல்லாதது வேணும். இது அதுக்குள்ள போகவே போகாது."

கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மான்லிஹரா! இன்னும் அத வெச்சா சுடறாரு? ஆறரை ஐம்பத்துநாலுன்னா எப்படியாவது பிடிச்சுத் தருவேன். எட்டு ஐம்பத்தாறுன்னா, கம்பெனிக்காரனுக்கு மனசு வந்து ஒரு தடவ போட்டாத்தான் உண்டு. பேரக் குடுத்துட்டுப் போங்க. வசந்த காலத்துல வந்தாலும் வரும்."

"இன்னைக்கு வேணும்."

"ஆண் மான் ஜோடி தேடிக் கத்தற வேட்டைக் காலத்துக்கே இன்னும் நாள் இருக்கேம்மா" என்று சிரித்தவரின் பார்வை அவள் காலுக்குப் போனது. வீட்டுச் செருப்போடு வந்திருந்தாள். அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

செர்க்னிட்சாவில் ஒரு கடை, போஸ்டோய்னாவில் ஒரு கடை, இப்போது லூப்லியானாவில் இது. ஐம்பது வயதைத் தாண்டிய தரிங்கா ஒரு மரஅறுவை ஆலையில் கணக்கு பார்ப்பவள். அப்பாவைப் போல அவளும் லோஷ் பள்ளத்தாக்கு வேட்டைக்காரர் சங்கத்தில் உறுப்பினர். காலையில் செவிலி வந்து அப்பாவின் முதுகில் வலிக்கான மருந்துப் பட்டையை மாற்றி ஒட்டினாள். பிறகு நடைவழிக்கு அழைத்து, "இனிமே தூரமா எங்கயும் போயிடாதீங்க" என்றாள். அறைக்குள் திரும்பியபோது அப்பா லுட்விக் கண்ணைத் திறந்திருந்தார். கரண்டியைக்கூடத் தூக்க முடியாத மனிதருக்குக் குரல் மட்டும் திடீரென்று தெளிந்திருந்தது.

"தரி, தோட்டா டப்பா காலி. மான் கத்த ஆரம்பிச்சா கையில ஒண்ணுமில்ல."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்பா" என்றான் தம்பி ராய்கோ, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தடவியபடி. மாரிபோரில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுப்பவன். சின்ன வயதிலிருந்தே துப்பாக்கிச் சத்தம் கேட்டால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வான். மூன்று நாளாக அந்தக் கட்டிலைவிட்டு அவன் நகரவில்லை. தரிங்காவால்தான் அங்கே உட்கார முடியவில்லை. சூப்பைச் சூடாக்கினாள், ஆறவிட்டாள், மறுபடி சூடாக்கினாள். டப்பா காலி என்று அவர் சொன்னதும் கார்ச் சாவி தானாகக் கைக்கு வந்துவிட்டது.

கடைக்காரர் தாடையைச் சொறிந்துகொண்டார். "ப்ளோகேயில பாவ்லான்னு ஒரு அம்மா இருக்காங்க. மேட்டுல கடைசி வீடு. அவங்க வீட்டுக்காரருக்குத்தான் இந்தத் தோட்டாவ நான் கடைசியா வித்தது. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. கேட்டுப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

காரில் ஏறியபோது கைபேசி அதிர்ந்தது. ராய்கோ. அதைத் திருப்பிப் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

அந்தக் காலத்தில் இந்தத் தோட்டாவுக்காக அப்பா எல்லை தாண்டி இத்தாலியின் டிரியெஸ்டே வரை போய்வருவார். திரும்பும்போது காப்பிப் பொட்டலம் அம்மாவின் மடியில் இருக்கும். தோட்டாக்கள் சிறுமி தரிங்காவின் கம்பளிக் காலுறைக்குள் இருக்கும். எல்லையில் காவலர் குனிந்து பார்க்கும்போது, "தூங்கற மாதிரி இரு" என்பார் அப்பா. அவள் நிஜமாகவே தூங்கிப்போவாள்.

மேட்டில் காற்று பலமாக இருந்தது. பாவ்லா கதவைத் திறந்ததும் தரிங்கா மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். கிழவி அவளைக் கீழிருந்து மேலாக ஒரு முறை பார்த்தாள்.

"உள்ள வா. காப்பி போடறேன்."

"நேரமில்லீங்க."

"காப்பி குடிக்காதவளுக்கு நான் அலமாரியத் திறக்கறதில்ல."

காப்பியோடு வாதுமை வைத்துச் சுருட்டிய ரொட்டியும் வந்தது. தரிங்கா நின்றுகொண்டே குடித்தாள். பாவ்லா துணி அலமாரியின் அடித்தட்டில் கையைவிட்டு, குளிர்காலப் போர்வைகளுக்கு அடியிலிருந்து ஓர் அட்டை டப்பாவை எடுத்தாள்.

"போலீஸ்காரங்க வந்து துப்பாக்கிய எடுத்துட்டுப் போனாங்க. டப்பாவ யாரும் கேக்கல. நானும் சொல்லல."

உள்ளே பாதிதான் இருந்தது. பித்தளை லேசாகப் பச்சை பூத்திருந்தது. தரிங்கா ஒன்றை எடுத்துத் திருப்பினாள். விளிம்பு இல்லை. அடியில் எட்டும் ஐம்பத்தாறும் தேய்ந்து தெரிந்தன.

"அள்ளிக்கோ. டப்பாவ மட்டும் விட்டுட்டுப் போ. மேல அவரு எழுதினது இருக்கு."

தரிங்கா தோட்டாக்களைக் கைக்குட்டையில் கட்டினாள்.

"உங்கப்பா எழுந்து நடப்பாரா?" என்று பாவ்லா கேட்டாள்.

"இல்ல."

"உட்காருவாரா?"

தரிங்கா கைக்குட்டை முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள். கிழவி மேஜையில் சிந்திய ரொட்டித் தூளை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு போனப்ப நான் கோழிக்கூண்டக் கழுவிட்டு இருந்தேன். கழுவின கூண்டையே திரும்பவும் கழுவினேன். உள்ளேர்ந்து கூப்பிட்டாரு, கேட்டுது. தோ வரேன்னு சொன்னேன்." தலையை நிமிர்த்தினாள். "இன்னும் ஏன் நிக்கற? போ."

வீட்டு வாசலில் ராய்கோ நின்றிருந்தான். கண் சிவந்திருந்தது.

"எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா? எங்க இருந்தக்கா?"

"ப்ளோகே."

"அங்கேர்ந்து வர இவ்வளவு நேரமா?"

அவள் கைக்குட்டையைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்தான். கத்தப்போகிறான் என்று நினைத்தாள். அவன் குரல் இறங்கிவிட்டது.

"நீ கிளம்பின கொஞ்ச நேரத்துலயே அவருக்குத் தோட்டா மறந்துபோச்சு. அப்புறம் ஒரே கேள்விதான். தரி எங்க, தரி எங்கன்னு. மத்தியானத்துக்கு மேல அதுவும் நின்னுபோச்சு."

உள்ளே அப்பாவின் வாய் திறந்திருந்தது. மூச்சு வந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி வந்தது. தரிங்கா கைக்குட்டையை அவிழ்த்து ஒரு தோட்டாவை அவர் உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடவில்லை. அது உருண்டு விரிப்பின் மடிப்பில் விழுந்தது. வாழ்நாளில் தோட்டாவையே தொட்டிராத ராய்கோ அதை இரண்டு விரலால் எடுத்துத் தண்ணீர்த் தம்ளருக்குப் பக்கத்தில் நிற்கவைத்தான். பிறகு எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

தரிங்கா உட்கார்ந்தாள்.

காட்டுக்குப் போய்வந்தால் போனது முதல் வந்தது வரை வரிசையாகச் சொல்ல வேண்டும். குறுக்கிச் சொன்னால் லுட்விக்குக் கோபம் வரும். "காத்து எந்தப் பக்கம்? அத மொதல்ல சொல்லு" என்பார்.

"மேல வடக்குக் காத்துப்பா" என்று ஆரம்பித்தாள். "ஆனா நான் மொதல்ல போனது செர்க்னிட்சா. அங்க கடையில ஒரு பொடியன். மான்லிஹர்னா என்னன்னு என்னையே கேக்கறான். போஸ்டோய்னாவுல கடையே பூட்டிக் கிடந்துது. லூப்லியானாக்காரன் விளிம்பு வெச்சத நீட்டினான். நீங்க இருந்திருந்தா அவன உண்டு இல்லன்னு ஆக்கியிருப்பீங்க."

கட்டிலின் மறுபக்கத்தில் மண்டியிட்டிருந்த ராய்கோவின் உதட்டில் சிரிப்பு போல ஒன்று வந்து போனது.

பாவ்லாவைப் பற்றிச் சொன்னாள். காப்பியைப் பற்றியும் அலமாரியைப் பற்றியும் சொன்னாள். கோழிக்கூண்டை மட்டும் விட்டுவிட்டாள். ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. பக்கத்து நிலத்தில் புல் அறுக்கும் இயந்திரம் ஓடி நின்றது. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இருந்த இடைவெளி நீண்டது. அவள் அந்த இடைவெளிகளில் நிறுத்தாமல் பேசினாள்.

"அப்புறம் காட்டு ரோட்டுல இறங்கி வரேன், வேகமாத்தான் வரேன்..."

"அக்கா" என்றான் ராய்கோ. "மூச்சு நின்னுடுச்சு."

தெரியும் என்பதுபோலத் தலையசைத்தாள். அப்பாவின் கையை விடவில்லை.

"ரோடு வளையற எடத்துல ஒரு பெட்டை மான் நின்னுதுப்பா" என்றாள், அதே குரலில். "நிதானமா தாண்டிப் போச்சு. குட்டி இந்தப் பக்கமே நின்னுடுச்சு. காருக்குப் பயந்து. நான் இன்ஜின அணைச்சுட்டேன். ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்துது. எடுத்தாப் பேசணும், பேசினா அது மிரண்டு ஓடிடும். அதான் எடுக்கல. அப்படியே உட்கார்ந்திருந்தேன். அது காலை ரோட்டுல வைக்குது, எடுக்குது, வைக்குது..."

அவள் அங்கேயே நிறுத்திவிட்டாள்.

"குட்டி தாண்டிச்சா?" என்று ராய்கோ கேட்டான்.

"தாண்டிச்சு" என்றாள் தரிங்கா.