நிழல் பக்கத்து வாடகை

சூரியன் எங்கள் ஊரில் வாரத்துக்கு நாற்பது டாலர். நியூசிலாந்தின் தெற்கே, டனீடன் நகரத்தின் வடகிழக்குப் பள்ளத்தாக்கில் ஒரே தச்சன் கட்டிய, ஒரே மாதிரி துருப்பிடித்த தகரக் கூரை போட்ட இரண்டு வீடுகளைக் காட்டுகிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் இருப்பதற்கு நாற்பது டாலர் கூடுதல் வாடகை. எங்கள் நாட்டில் ஜூன், ஜூலைதான் குளிர்காலம், அங்கே அப்போதும் வெயில் விழும். எங்கள் பக்கத்தில், மே மாதம் மலைக்குப் பின்னால் போகிற சூரியன், கடன் வாங்கியவனைப் போல ஆகஸ்ட் வரை முகம் காட்டாது.

அதனால்தான் என் அப்பா கடையை நிழல் பக்கத்தில் வைத்தார். லெபனானிலிருந்து கப்பலேறி வந்து, துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வாசலாக விற்ற குடும்பம் எங்களுடையது. யாருக்கு எப்போது குளிரும் என்று எங்களுக்குத் தெரியும். பழைய ஹீட்டர், பழைய திரைச்சீலை, பழைய கம்பளி. குளிர்காலம் எங்கள் அறுவடை.

ரிபெகா என் நிரந்தர வாடிக்கைக்காரி. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. எட்டு வயது மகள் ஹேனியும் அவளும் அலிஸ்டர் ரெனியின் வீட்டில் குடியிருந்தார்கள். அந்த வீட்டுச் சுவரில் விரலை வைத்தால் விரல் நனையும். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் ஒழுகும். ஒவ்வொரு ஜூலையிலும் ஹேனிக்கு நெஞ்சு அடைத்துக்கொள்ளும், ஆஸ்பத்திரியில் ஒரு வாரம். வரும் ஜூலையிலாவது அந்தக் கட்டிலுக்குப் போகாமல் தப்ப வேண்டும். ரிபெகா கேட்டது அது ஒன்றுதான்.

பிப்ரவரியில் ஒருநாள் குளிரைத் தடுக்க ஜன்னலில் ஒட்டும் குமிழ் பிளாஸ்டிக் வாங்க வந்திருந்தாள். குழாய்க்கு வாஷர் தேடி அலிஸ்டரும் வந்தார். ஐந்து வீடுகளுக்குச் சொந்தக்காரர், எழுபது வயது, முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டர்.

"அலிஸ்டர், குளிர் ஏறாம கூரைக்குள்ளயும் தரைக்கு அடியிலயும் பஞ்சு வைக்க அரசாங்கம் காசு குடுக்குதாம். வீட்டுக்காரர் எழுதிக் கேட்டாத்தான் கிடைக்குமாம். கேளுங்களேன்."

"ஏம்மா, நான் பையனா இருந்தப்ப ஜன்னலுக்கு உள்பக்கமே பனி உறையும். நாங்க என்ன செத்தா போயிட்டோம்? ஸ்வெட்டர் போட்டோம்."

"ஹேனியும் ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனா."

அலிஸ்டர் கையிலிருந்த வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. காசைக் கீழே வைக்க மட்டும் மனசு வராது.

"நான் எவ்வளவு போடணும்?"

"நாப்பது பங்கு நீங்க. அறுபது பங்கு அரசாங்கம்."

"எனக்கு எதுக்கு அறுபது தர்றான்? நான் என்ன ஏழையா?"

"நீங்க இல்ல, நான். குடியிருக்கிறவங்ககிட்ட குறைஞ்ச வருமான அட்டை இருந்தாத்தான் அறுபது. என் அட்டையைக் காட்டுங்க."

"அடேங்கப்பா! உன் ஏழ்மைல எனக்குத் தள்ளுபடி!"

"எடுத்துக்குங்க. இத்தனை வருஷமா அது யாருக்குமே பிரயோஜனப்படல."

அலிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். எங்கள் தொழிலில் எதிராளி சிரித்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. சரக்கைக் கட்டிக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ரிபெகா சமையற்காரி, வியாபாரி அல்ல. அவள் நிறுத்தவில்லை.

"வெளிச்சுவருக்கு நானே பெயிண்ட் அடிச்சுத் தர்றேன், உங்களுக்குக் கூலி மிச்சம். அப்புறம் பாருங்க, பஞ்சு வெச்ச வீட்டுக்கு விலையும் ஏறுமாம்."

விலை என்ற சொல் விழுந்ததும் அலிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். வாஷருக்குக் காசு கொடுக்காமலே போய்விட்டார்.

மார்ச்சில் ஆட்கள் வந்தார்கள். இளஞ்சிவப்புப் பஞ்சைச் சுருள் சுருளாக இறக்கிக் கூரைக்குள் விரித்தார்கள், வயிற்றால் ஊர்ந்து தரைக்கு அடியில் செருகினார்கள். பஞ்சைக் காட்டி வாடகையை ஏற்றக்கூடாது என்று ஒரு காகிதத்தில் அலிஸ்டரிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். ரிபெகா என் கடையில் பாதி பாதியாகக் கிடந்த மஞ்சள் பெயிண்ட் டின்களை எல்லாம் ஒன்றாகக் கலக்கி, சனி ஞாயிறுகளில் ஏணி போட்டு நான்கு சுவரையும் அடித்து முடித்தாள். நிழல் பக்கத்தில் அந்த ஒரு வீடு மட்டும் வெயில் பட்ட மாதிரி நின்றது.

அந்த ஜூலையில் நான் அங்கே போனேன். கண்ணாடி காய்ந்திருந்தது. அதுவரை அம்மாவோடு ஒரே கட்டிலில் சுருண்டு படுத்த ஹேனிக்குத் தனி அறை. கதவில் 'தட்டிவிட்டு வரவும்' என்று எழுதி ஒட்டியிருந்தாள். தட்டினேன்.

"யாரு?"

"நஸீப். கடைக்காரன்."

"எதாவது விக்கவா வந்தீங்க?"

"இல்ல."

"அப்ப வாங்க."

ஜூலை போயிற்று, ஆகஸ்டும் போயிற்று. ஹேனி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை.

செப்டம்பரில் ரிபெகா கரண்டில் சூடாகும் தன் எண்ணெய் ஹீட்டரை உருட்டிக்கொண்டு வந்தாள். சக்கரம் ஒன்று இல்லாததால் வழியெல்லாம் நொண்டியபடி வந்து சேர்ந்தது.

"இனிமே இது எனக்கு வேணாம். முப்பது குடுங்க."

"மூணு சக்கரத்துக்கா? பதினஞ்சு."

"சக்கரத்துலயா சூடு வருது? இருபத்தஞ்சு."

இருபதில் முடித்தோம். அந்தக் காசில் ஹேனிக்கு நீச்சல் உடை வாங்கினாள்.

நவம்பரில் மஞ்சள் சுவருக்கு முன்னால் பலகை நட்டார்கள். 'விற்பனைக்கு. புதிதாகப் பெயிண்ட் அடித்தது. முழுவதும் பஞ்சு வைத்த கதகதப்பான வீடு.' அலிஸ்டர் நேரில் வந்து சொல்வதற்காகத் தட்டு நிறைய சீஸ் ரோல் வாங்கிக்கொண்டு போனாராம். ரிபெகா தட்டை வாசலிலேயே வைக்கச் சொன்னாளாம். அங்கிருந்து அவர் நேரே என் கடைக்கு வந்தார்.

"வாடகையை ஏத்த மாட்டேன்னு எழுதிக் குடுத்தேன், ஏத்தல. விக்க மாட்டேன்னு எழுதித் தரச் சொல்லி யாரும் கேக்கலையே, நஸீப். எனக்கும் முட்டி போயிருச்சு. மக ஆஸ்திரேலியாலேர்ந்து, பிரிஸ்பேனுக்கு வந்துருங்கப்பான்னு கூப்பிடுறா. அங்க வருஷம் பூரா வெயிலாம்."

"வாங்குறவங்க ரிபெகாவை இருக்க விடுவாங்களா?"

"புதுசாக் கல்யாணமானவங்க. அவங்களே குடி வர்றாங்க." ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டு, "அவ நல்ல குடித்தனக்காரின்னு, வேற வீடு தேட ஒரு கடுதாசி எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார்.

ஆறு வாரத்தில் காலி செய்ய வேண்டும் என்பது சட்டம். அலிஸ்டரின் கடிதத்தைப் படித்த வீட்டுக்காரர்கள் எல்லாரும் அவளைப் பாராட்டினார்கள், வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். கடைசியில் அதே நிழல் பக்கத்தில் இன்னும் மேலே, மலையோடு ஒட்டினாற்போல ஒரு வீடு கிடைத்தது. சொந்தக்காரர் ஒரு கம்பெனி. எங்கோ ஆக்லாந்தில் ஒரு தொலைபேசி எண். ரிபெகா அந்த எண்ணுக்குத் தன் அட்டையைப் பற்றியும் அறுபது பங்கைப் பற்றியும் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஏப்ரலில்தான் அவர்கள் எழுதிக் கேட்டார்கள். திட்டத்தின் பணம் தீர்ந்துவிட்டது, இனி எப்போது வரும் என்று தெரியாது என்று பதில் வந்தது.

இந்த வருஷம் ஹேனியின் நெஞ்சு ஜூலை வரை காத்திருக்கவில்லை. ஜூன் மாதம், மழை தூறிய ஒரு வியாழக்கிழமை ரிபெகா கடைக்குள் வந்தாள். நேரே மூலைக்குப் போய் ஹீட்டர் முன்னால் நின்றாள். மூன்று சக்கரம் என்பதால் அது விற்கவில்லை. நாற்பத்தைந்து என்று நான் ஒட்டிய சீட்டு அதன் மேலேயே இருந்தது.

"ஹேனி எங்க?"

"போன செவ்வாய்லேர்ந்து ஆஸ்பத்திரியில. சனிக்கிழமை அனுப்புறாங்களாம். எந்த வீட்டுக்கு அனுப்புறாங்கன்னு டாக்டருக்குத் தெரியாது." சீட்டைத் தொட்டுப் பார்த்தாள். "நாப்பத்தஞ்சா? மூணு சக்கரத்துக்கா?"

"உனக்கு இருபது. நான் குடுத்த காசு."

"இரக்கப்படுறீங்களா? ஒழுங்கா பேரம் பேசுங்க. முப்பது."

"இருபது."

"முப்பதுன்னு சொல்றேன்ல?"

"அதுக்கு மேல ஒரு காசு வாங்க மாட்டேன்."

"அப்ப எனக்கு இது வேணாம்" என்று வாசல் வரை போனாள். விலை குறைய வேண்டும் என்று எழுந்து போகிறவர்களை வாழ்நாளெல்லாம் பார்த்திருக்கிறேன். ஏற வேண்டும் என்று போனவள் அவள் ஒருத்திதான்.

"சரி வா. இருபத்தஞ்சு."

திரும்பி வந்தாள். பர்ஸைத் திறந்து மேசை மேல் கவிழ்த்தாள். நோட்டு ஒன்று, மீதி சில்லறை. பதினைந்து தேறியது.

"சாயங்காலத்துல அரை மணி போட்டாலும் கரண்டுக்கு என்ன ஆகும்னு கணக்குப் பாத்தேன்" என்றாள். ஹீட்டரை வாசலுக்கு உருட்டினாள்.

ஹீட்டர் மேட்டில் நொண்டி நொண்டி ஏறியது. மஞ்சள் வீட்டுப் புகைபோக்கியில் புகை இல்லை, அவர்களுக்கு அவசியம் இல்லை. ரிபெகா நின்று பார்க்காமல் அதைக் கடந்து போனாள்.

நான் கணக்கில் பிறந்தவன், கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. அரசாங்கம் போட்டது அறுபது பங்கு. அலிஸ்டர் போட்டது நாற்பது, எடுத்தது பிரிஸ்பேன் வெயில். ரிபெகா போட்டது நான்கு சுவரும் ஓர் அட்டையும். ஹேனிக்கு வரவு ஒரு குளிர்காலம், செலவாகிவிட்டது. ரிபெகா எனக்குத் தர வேண்டிய பாக்கி, பத்து டாலர்.