எவாஞ்சலினுக்கு இன்னும் இரண்டு கண்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திருத்தணியில் கஜபதியின் கோழிக்கடையில் அரைக் கிலோவுக்காக வரிசையில் நின்றபோது கிடைத்த கதை இது. எனக்கு முன்னால் நின்ற பெண் கறி வாங்கவில்லை. அறுத்த தலைகளை மட்டும் ஈரத்துணி விரித்த டப்பாவில் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் பறந்தாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அந்தக் கண்களில் அவள் உலகத்தின்...’ (அடித்துவிட்டேன். எனக்கே கூச்சமாக இருந்தது.)

2

அவளுக்கு எவாஞ்சலின் என்று பெயர் வைத்திருக்கிறேன். ஊருக்கு வெளியே ஓர் ஆய்வகத்தில் வேலை. பொதட்டூர்பேட்டைத் தறிகளுக்கு வரப்போகும் புதுச் சாயம் கண்ணில் தெறித்தால் என்னாகும் என்று பார்க்க வேண்டும். வழக்கமாக முயலின் கண்ணில் விட்டுப் பார்ப்பார்கள். கறிக்காக எப்படியும் அறுபடும் கோழியின் கண்ணே போதும் என்று இவள் மேலதிகாரியிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கியிருக்கிறாள். இன்னும் இரண்டு கண்கள் பார்த்தால் வேலை முடிந்தது. இன்றைக்குள் முடியாவிட்டால் நாளை ஆறு முயல்கள் வருகின்றன.

(முயல்களைக் கொஞ்சுகிறவளாக எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம், கோபக்காரியாகவே இருக்கட்டும். எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருக்கிறது.)

3

இன்று ஆடிக் கிருத்திகை. ஊரே காவடியோடு மலையேறும் நாளை மறந்த ஒரே ஆள் அவள்தான். கடை மூடியிருந்தது. வீட்டுக்கே போய் கஜபதியைப் பிடித்தாள்.

“ஒண்ணே ஒண்ணு அறுத்துக் குடுங்கண்ணா.”

“யாரு துன்றதுக்கு?”

“யாரும் இல்ல. எனக்குக் கண்ணு மட்டும் போதும். நாளைக்கு முயலுங்க வருதுன்னு உங்களுக்குத்தான் தெரியுமே.”

“அப்போ முயலுக்குப் பதிலா கோழி, அவ்ளோதானே? அதுக்கா இத்தினி நாளா அலைஞ்சிகினு இருந்தே?”

அவள் டப்பாவை மூடிக்கொண்டு திரும்பினாள். அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

“ஆங், ஒண்ணு பண்ணு. யாராச்சும் நெசமா துன்றாங்கன்னா சொல்லு. எங்க பாவாவுக்கு* விரதமில்ல, அவரு அறுத்துத் தருவாரு.”

*அக்கா வீட்டுக்காரர். எல்லைப்புறத்தில் எங்களுக்கு இந்தத் தெலுங்குச் சொல்தான் வாயில் வரும்.

4

அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து எவாஞ்சலின் கறி தொடுவதில்லை. (இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னியுங்கள்.)

அவளே அழுதுகொண்டு சாப்பிடுவதாக ஒரு முடிவு எழுதினேன். ஒரே சினிமாத்தனம். வெறுங்கையோடு திரும்புவதாக எழுத மனசு வரவில்லை. நானே கதைக்குள் புகுந்து வாங்கிவிடலாம் என்றால் எனக்கும் விரதம். என் மனைவி நிர்மலா சும்மா விடமாட்டாள்.

மீதி இருப்பது நீங்கள்தான். கஜபதி கேட்டால் என்ன சொல்வீர்கள்? முயலுக்காகச் சாப்பிடுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். உங்களுக்கு உண்மையிலேயே பசிக்கிறதா?