ஒரு புள்ளிகூட இல்லாத செடிகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். தக்காளிச் செடிகளை லென்ஸ் வைத்துப் பார்க்காமல் அவளுக்குப் பொழுது விடியாது. பெயர் வைத்தவர் அக்காவின் கணவர். கூடத்தின் தலைவரும் அவரே.

போன வருஷம் கருகல் நோய் வந்து, செடி வளர்க்கும் மற்ற கண்ணாடி வீடுகளெல்லாம் சுடுகாடாகின. அவள் பார்த்துக்கொண்ட வீடு மட்டும் பச்சையாக நின்றது. காரணத்தைக் கூட்டத்தில் எழுந்து சொன்னாள்.

“அடி இலையில முன்னாடியே லேசா சாம்பல் நோய் வந்துச்சு அத்தான். அந்த இலைக்குள்ள சமிக்ஞைப் புரதங்கள் முழிச்சுக்கிட்டு, மேல இருக்கிற இலைங்களுக்கும் எச்சரிக்கை போயிருக்கு. அதான் கருகல் வந்தப்ப செடி தயாரா இருந்துச்சு.”

“நோய வர விட்டுட்டு அதுக்கு ஒரு கதை வேற!” என்றார் அத்தான். அறையே சிரித்தது. மறுநாளே அவளை நாற்றுத் தட்டு கழுவப் போட்டார். செடி பிழைத்தது அந்த வீட்டில் நட்டிருந்த தன் புது ரகத்தின் மகிமை என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டார். அவள் பத்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டு கழுவினாள்.

விதைக் கம்பெனிக்காரர்கள் அந்த ரகத்தை நேரில் சோதிக்க வருவதாகச் சேதி வந்ததும் அத்தானுக்கு அவள் நினைவு வந்தது.

“செடியெல்லாம் உன் பொறுப்பு. இந்தத் தடவ ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது, புரியுதா?”

“சரிங்க அத்தான்.”

நாற்பது நாள் இலை இலையாகத் துடைத்தாள். சாம்பல் நோய் எட்டிப் பார்க்கவில்லை. எச்சரிக்கை என்றால் என்னவென்றே அறியாமல் தொண்ணூறு செடிகளும் தளதளவென்று வளர்ந்தன.

கம்பெனிக்காரர்கள் வந்து கருகல் கிருமியைத் தெளித்தார்கள். ஐந்தாம் நாள் அவர்களோடு போய்க் கதவைத் திறந்தபோது அழுகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. அத்தான் வெளிறிப்போய் அவள் பக்கம் திரும்பினார்.

“என்ன பண்ணித் தொலைச்ச?”

“நீங்க சொன்னதத்தான். லென்ஸ் தரேன், சாம்பல் எங்கயாச்சும் இருக்கான்னு நீங்களே பாருங்க.”

கம்பெனிக்காரர்கள் காரில் ஏறிப் போய்விட்டார்கள். சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

“இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமாடி?”

“தெரியும்.”

“அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?”

“சொன்னேனே அக்கா, போன வருஷம், அத்தனை பேர் முன்னாடி. வீட்டுல அதக் கேட்டு நீயும்தான் விழுந்து விழுந்து சிரிச்சியாம். அத்தான்தான் சொன்னார்.”

அக்கா போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் செடிகளைப் பிடுங்கி எரிக்கும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. தானே துடைத்து வளர்த்தவை. முதல் பத்துக்குக் கை கூசியது. பிறகு, புகை தாங்காமல் அத்தான் தன் அறை ஜன்னலைச் சாத்துவதைப் பார்த்தாள். மிச்சத்தை அவசரமில்லாமல் ஒவ்வொன்றாகப் போட்டாள்.